தண்ணியில ஓடுத பேரிங்குக்கு ஒரு கிரீஸ் நிப்பிள்

எங்க ஊர்க்காரனுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எது கிறீச்சுன்னு சத்தம் போட்டாலும் எண்ணெய் ஊத்துனா சரியாப் போயிரும். கதவு கத்துனாலும் எண்ணெய், முட்டி கத்துனாலும் எண்ணெய். குத்தாலத்துல வந்து பாருங்க. உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெயைப் போட்டு, ஒருத்தர் கையால படார் படார்னு அடியும் வாங்கிட்டு, வழுக்கிக்கிட்டே அருவிக்குப் போவான். அவன் மேல வழியுத எண்ணெய்ல அடுத்தவன் வழுக்கி விழுவான். விழுந்தவனுக்கு முட்டி வலிக்கும், அவனும் எண்ணெய் தேய்க்கப் போவான். இப்படிப்பட்ட ஊர்ல ஒரு படகைக் கொண்டாந்து விட்டா என்ன செய்வோம்? தேய்ச்சோம். அதைத்தான் சொல்ல வாரேன்.

நான் தென்காசியில சப்மெர்சிபிள் மோட்டார் ரிப்பேர் பாக்குதவன். இருபத்திரெண்டு வருசமாச்சு. போர்க்குழிக்குள்ள இறக்குத மோட்டாருக்குள்ள சுத்தமான தண்ணிதான் நிரப்பணும், எண்ணெய் ஆகவே ஆகாதுன்னு தொண்டை கிழியச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பாதி முடி கொட்டிருச்சு. உள்ள இருக்க பேரிங்குக்குத் தண்ணிதான் மசகு. அதுலதான் வழுக்கிக்கிட்டு ஓடும். ஒருதடவை வடகரைக்காரர் ஒருத்தரு, மோட்டார் நல்லா இருக்கட்டும்னு தேங்காயெண்ணெயை ஊத்தி இறக்கிட்டாரு. அங்கதான் தேங்காய்க்குப் பஞ்சமே கிடையாதே. கடை வாசல்ல பத்துப் பேரை வச்சுக்கிட்டு அவரை நான் கேட்ட கேள்வியில மனுசன் அழாத குறை. தாளிக்கவாய்யா போட்டீரு, கடுகும் கருவேப்பிலையும் எங்கன்னு கேட்டேன். இன்னைக்கு அதை நினைச்சா எனக்கே கூசுது. ஏன் கூசுதுங்கது போகப் போகத் தெரியும்.

போலீஸ்ல இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆன ஒருத்தரு பழைய குத்தாலம் போற வழியில ஒரு ரிசார்ட் கட்டுனாரு. பத்து ரூம், ஒரு சமையல்கட்டு, வாய்க்கால் தண்ணி வந்து நிறையுத சொந்தக் குளம் ஒண்ணு. குளம் இருந்தா படகு விடணும். மத்தவன்லாம் கால்ல மிதிக்கிற படகு விடுதான். இவரு மிதிப்பாரா? நாப்பது வருசம் அடுத்தவனை மிதிச்ச காலு. அதனால ஆலப்புழை பக்கம் போயி, எஞ்சின் உள்ளுக்குள்ளயே இருக்க பழைய படகு ஒண்ணை வாங்கி லாரியில ஏத்திக் கொண்டாந்தாரு. அந்தக் குளத்துல இந்தக் கரையில கிளப்புனா, கியர் போடுததுக்குள்ள அந்தக் கரை வந்துரும். ஆனாலும் கரையில நின்னு விசில் ஊதுவாரு. படகு திரும்பும். அவருக்கு அதுல ஒரு சந்தோசம்.

யானை வாங்குனா பாகனும் வருவான்லா, அதே மாதிரி படகோட ஒரு டிரைவரும் வந்தாரு. ஐம்பது வயசிருக்கும். கொல்லத்துப் பக்கத்துக்காரரு, பேசுதது பாதி மலையாளம். நாங்க எல்லாரும் சேட்டன்னுதான் கூப்பிடுவோம், அவுக பாஷையில அண்ணன். பெண்டாட்டியையும் ஒரே மகளையும் கூட்டிக்கிட்டு ரிசார்ட்டுக்குப் பின்னால இருந்த ஒத்தை ரூம்ல குடியிருந்தாரு. மகளை இங்கனயே பிளஸ் ஒண்ணுல சேத்தாரு. அடுத்த வருசம் பிளஸ் டூ. அந்தப் பிள்ளை பரீட்சை எழுதி முடிக்க வரைக்கும் இந்த வேலை இருக்கணும், நடுவுல எந்திரிச்சு வேற ஊரு ஓடக் கூடாது. அந்த மனுசனுக்கு வேண்டியது அது ஒண்ணுதான். என்கிட்டயே நாலைஞ்சு தடவை சொல்லியிருக்காரு. ஏற்கெனவே முதலாளிமாரு மாறி மாறி, அந்தப் பிள்ளை மூணு பள்ளிக்கூடம் பாத்திருச்சாம்.

முதல் வருசச் சீசன் நல்லாத்தான் போச்சு. ரெண்டாம் வருசம் கோடையில குளம் வத்தி, படகு சேத்துல உக்காந்துருச்சு. மறுபடி தண்ணி வந்து ஓட்டிப் பாத்தா, மெதுவாப் போகையில ஒரு கிறீச்சு, வேகமாப் போகையில ஒரு கடகட. இன்ஸ்பெக்டர் எனக்குப் போன் போட்டாரு. அவருக்கு ரிசார்ட்டுல அஞ்சு போர் மோட்டார், எல்லாம் என் கைப்பாடு. உடனே போனேன்.

படகைக் கரையில ஏத்தி வச்சிருந்தாவ. எஞ்சின்ல இருந்து ஒரு நீளமான ஷாஃப்ட் பின்னால தண்ணிக்குள்ள போவுது. அதைத் தாங்கிப் பிடிக்க படகோட அடியில ரெண்டு பிராக்கெட்டு, கடைசியில புரொப்பெல்லர். பிராக்கெட்டுக்குள்ள ஒரு பித்தளைக் குழாய், குழாய்க்குள்ள ரப்பர், ரப்பர்ல நீளவாக்குல பள்ளம் பள்ளமா வெட்டியிருக்கும். படகு போகையில அந்தப் பள்ளத்து வழியா தண்ணி பாய்ஞ்சு ஷாஃப்ட்டு வழுக்கிக்கிட்டு சுத்தும். அம்புட்டுத்தான் பேரிங்கு. நான் பாத்த உடனே என் மோட்டாரோட சித்தப்பா மகன் மாதிரி தெரிஞ்சுது.

சேட்டன் புரொப்பெல்லரைப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிக் காட்டுனாரு. தீக்குச்சி கனத்துக்கு ஆடுச்சு. ரப்பர் தேஞ்சு போச்சு, ரெண்டு பேரிங்கையும் மாத்தணும், கொல்லத்துல கிடைக்கும், ஒரு நாள்ல போயி வாங்கிட்டு வந்துருவேன்னாரு. அதுவரைக்கும் ஓட்டாம வைக்கணும், கிரீஸ் மட்டும் போடக் கூடாது, தண்ணியே போதும்னாரு.

இன்ஸ்பெக்டருக்கு அந்தக் ‘கூடாது’ பிடிக்கல. சர்வீஸ்ல இருந்தவரைக்கும் அந்த வார்த்தையை அவருதான் சொல்லிப் பழக்கம். ஜீப்புக்குக் கிரீஸ் போடுதோம், டிராக்டருக்குப் போடுதோம், இது என்ன ஆகாசத்துல இருந்து குதிச்சதான்னு கேட்டாரு. டிராக்டர்ல இருக்க மாதிரி ஒரு கிரீஸ் நிப்பிளை, அதான் கிரீஸ் ஏத்துத சின்ன மூக்கை, இதுல வச்சு, தினமும் கிரீஸ் கன்னால நாலு அடி அடிச்சா முடிஞ்சுது காரியம், புதுசு எதுக்கு மாத்தணும்ங்கது அவரு கட்சி. சுத்தி நின்ன தோட்டக்காரன், சமையல்காரன் எல்லாம் மண்டையை ஆட்டுனாவ. பிறகு என் பக்கம் திரும்பி, “நீரு சொல்லும்வே. நம்மூரு மெக்கானிக்கு நீரு” அப்படின்னாரு.

எனக்குத் தெரியும். சத்தியமா தெரியும். கிரீஸைப் போட்டா பள்ளம் அடைச்சுக்கும், தண்ணி உள்ள போவாது, குளத்துச் சேறெல்லாம் கிரீஸ்ல ஒட்டி அரம் மாதிரி அறுக்கும். வடகரைக்காரரை அழ வச்ச அதே வாய்தான் எனக்கு. ஆனா அன்னைக்கு அந்த வாயில வந்தது, “போடலாம் சார், போட்டா என்ன” அப்படிங்கதுதான். போலீஸ்காரருன்னு பயமான்னு கேட்டா, கொஞ்சம் பயம்தான். அஞ்சு மோட்டாரும் கையை விட்டுப் போயிருமோங்கதும் இருந்துது. இந்த ரெண்டையும் விட, நம்மூரு மெக்கானிக்குன்னு நாலு பேரு முன்னால ஒரு பெரிய மனுசன் சொல்லிட்டாரே, அந்தக் கிறுக்குத்தான் பெருசு. வெளியூர்க்காரன் சொன்னதை ஒத்துக்கிட்டா நம்மூரு என்னத்துக்கு ஆவும்?

நிப்பிள் நானே வச்சேன். ரெண்டு பிராக்கெட்டுலயும் துளை போட்டு, பித்தளையைத் தாண்டி ரப்பர் வரைக்கும் இறக்கி, டேப் அடிச்சு மரை போட்டு, அம்சமா பொருத்துனேன். வேலை என்னமோ சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. மலத்தைச் சந்தனம்னு சொல்லி அரைச்சாலும் நைசா அரைப்பான் எங்க ஊர்க்காரன்.

சேட்டன் பக்கத்துல குத்தவச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு. எல்லாரும் போன பிறகு மெதுவாக் கேட்டாரு. அவரு தண்ணியை வெள்ளம்பாரு.

“மேஸ்திரி, நீங்களும் மோட்டாருக்குள்ள வெள்ளம்தானே நிறைக்கிறது?”

“அது வேற, இது வேற” அப்படின்னேன்.

அவரு ஸ்பேனரை எல்லாம் துடைச்சு என் பையில எடுத்து வச்சுட்டுப் போயிட்டாரு.

சீசன் ஆரம்பிச்சுது. சாரல் விழ விழ ரிசார்ட்டு நிறைஞ்சுது. தினமும் காலையில படகைக் கரையோரம் ஒருக்களிச்சு இழுத்து வச்சு, நிப்பிள் ரெண்டுக்கும் கிரீஸ் அடிக்கணும். இன்ஸ்பெக்டரு லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மேற்பார்வை பாப்பாரு. வெளிய வழியுத வரைக்கும் அடிக்கச் சொல்லுவாரு. கிறீச்சு சத்தம் சுத்தமா நின்னு போச்சு. நிக்கத்தானே செய்யும்? வாயில துணியை அடைச்சா யாரும் கத்த மாட்டான். ரூம் எடுத்த ஆளுகளைக் கூட்டிக்கிட்டு வந்து, கேரளாக்காரன் மாத்தணும்னான், நம்ம மெக்கானிக்கு ஒரு நிப்பிள்ல முடிச்சுட்டாரு பாத்தியளான்னு காட்டுவாரு. நானும் ஒருநாள் அங்கன நின்னு கேட்டேன். பல்லைக் காட்டிக்கிட்டுத்தான் நின்னேன்.

மூணு வாரம். நாலாவது ஞாயித்துக்கிழமை, படகு நிறைய ஒரு குடும்பம். குளத்து நடுவுல போகையில படகு கிடுகிடுன்னு ஆடி, ரப்பர் கருகுத நாத்தம் வந்து, எஞ்சின் நின்னு போச்சு. ஷாஃப்ட்டு இறுகிக்கிட்டு அசையல. கரையில நின்னு இன்ஸ்பெக்டரு விசில் ஊதுதாரு. ஊதிக்கிட்டே இருக்காரு. விசிலுக்குப் பயந்து ஓட படகு என்ன கான்ஸ்டபிளா? சேட்டன் சட்டையைக் கழட்டி வச்சுட்டு, கயித்து நுனியை இடுப்புல கட்டித் தண்ணிக்குள்ள இறங்கி, நீந்தியே இழுத்துக்கிட்டு வந்து கரை சேத்தாரு. படகுல இருந்தவுக அதையும் போன்ல படம் பிடிச்சாவ. இதெல்லாம் டிக்கெட்டுல சேர்த்தின்னு நினைச்சிருப்பாவ.

கரை ஏறி ஈரம் சொட்டச் சொட்ட நின்னவரைப் பாத்து இன்ஸ்பெக்டரு சொன்னது, உனக்கு ஓட்டத் தெரியல. முதல்ல ரிப்பேர் பாரு, பிறகு என்கொயரி. தப்பு உன் பேர்லன்னு தெரிஞ்சா அன்னைக்கே ரூமைக் காலி பண்ணணும். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டிம்பாங்க. இந்த ஆண்டி பாவம், இந்த ஊரு ஆண்டி கூடக் கிடையாது.

மறுநாள் எனக்குப் போன் வந்துது. போனேன். தென்னந்தடியை உருளைக்குப் போட்டு டிராக்டர்ல கட்டிப் படகை இழுத்தாவ. டிராக்டர் டிரைவருக்கு ஒரு கருத்து, தோட்டக்காரனுக்கு ஒரு கருத்து, இன்ஸ்பெக்டருக்கு நாலு கருத்து. ஒரு மணி நேர வேலை மத்தியானம் வரைக்கும் போச்சு.

அதுக்குப் பிறகு மூணு நாள் நானும் சேட்டனும் மட்டும்தான். சாரலுக்குத் தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு படகுக்கு அடியில கிடந்தோம். புரொப்பெல்லரை புல்லர் போட்டுக் கழட்டி, கியர்பாக்ஸ் பக்கம் கப்ளிங்கைப் பிரிச்சு, ஷாஃப்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமா உருவினோம். பழைய பேரிங்கு வெளிய வரவே மாட்டேன்னுது. இன்ஸ்பெக்டரு வந்து பாத்துட்டு பெரிய சம்மட்டியைக் கொண்டாரச் சொன்னாரு. அடிச்சா பிராக்கெட்டு வெடிச்சுரும், பிறகு படகுல வத்தல்தான் காயப் போடணும்னு நான் சொன்னதும் போயிட்டாரு. இந்தச் சின்ன தைரியத்தை நிப்பிள் வச்ச அன்னைக்கே காட்டியிருக்கலாம்.

சேட்டன் இரும்பு அறுக்குத ரம்பத்துப் பிளேடை மட்டும் துணியில சுத்திக் கையில பிடிச்சு, பேரிங்கு உள்ள விட்டு நீளவாக்குல அறுத்தாரு. பித்தளை மட்டும் அறுபடணும், பிராக்கெட்டுல கீறல் படக் கூடாது. அரை நாள் ஆச்சு. அறுத்து மடக்கி வெளிய இழுத்தா, உள்ள ரப்பரும் இல்ல, பள்ளமும் இல்ல. கிரீஸும் சேறும் கருகி, களி கிண்டி அடிப்பிடிச்ச மாதிரி ஒரு கருப்புச் சாந்து. நான் போட்ட துளைக்கு நேரா அது கல்லு மாதிரி இறுகிப் போயிருந்துது. ரெண்டு பேரும் அதைப் பாத்தோம். ‘நான் அன்னைக்கே சொன்னேன்லா’ன்னு ஒரு வார்த்தை அந்த மனுசன் சொல்லியிருந்தா எனக்குப் பாரம் குறைஞ்சிருக்கும். நானும் பதிலுக்கு நாலு கத்து கத்தியிருப்பேன். அவரு சொல்லவே இல்ல. அந்தச் சாந்தைச் சுரண்டி எடுத்து, பிராக்கெட்டைச் சுத்தமாத் துடைச்சாரு.

புது பேரிங்கு ரெண்டும் அவருதான் பஸ்ஸைப் பிடிச்சு கொல்லம் போயி வாங்கிட்டு வந்தாரு. வந்த உடனே சமையல்கட்டு ஃப்ரீசர்ல வச்சாரு. குளுந்தா பித்தளை இம்மி சுருங்கும், அடிக்காம உள்ள போவும். சமையல்காரன் ஐஸ்கிரீம் டப்பாவை ஒதுக்குததுக்கு ஒரு பாட்டு பாடுனான். காலையில எடுத்து, நீள போல்ட்டும் வாஷரும் வச்சு நான் மெதுவா முறுக்க முறுக்க, வெண்ணெய்யில கத்தி இறங்குத மாதிரி போயி உக்காந்துது. என் நிப்பிள் இருந்த ஓட்டையை என் கையாலயே திருகாணி போட்டு அடைச்சேன். பேரிங்கை நசுக்காம எம்புட்டு முறுக்கணும்னு சேட்டன் விரலைக் காட்டிக்கிட்டே இருந்தாரு.

கடைசி நாள் சாயங்காலம் அவரு மகள் பள்ளிக்கூட யூனிஃபார்மோட அங்கன வந்து நின்னுது. படகு சரியாயிருமா மாமான்னு கேட்டுது. ஆயிரும்மான்னேன். அப்ப நாங்க போக வேண்டாம்லான்னு கேட்டுது. எனக்கு அந்த ஸ்பேனரை எங்க வைக்கதுன்னே தெரியல. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரிகிட்ட ஆதியோட அந்தம் எல்லாத்தையும் சொன்னேன். தெரிஞ்சேவா செஞ்சீங்கன்னு ஒரே கேள்விதான் கேட்டா. பிறகு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டா.

மறுநாள் படகு தண்ணியில இறங்குச்சு. பூனை நடக்குத மாதிரி போச்சு. இன்ஸ்பெக்டரு ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக் கரையில உக்காந்து என்கொயரியை ஆரம்பிச்சாரு. வேலைக்காரங்க எல்லாரையும் வரிசையா நிறுத்தியாச்சு. சேட்டன் கடைசியில கையைக் கட்டிக்கிட்டு நிக்காரு. மெக்கானிக்கு சொல்லட்டும்னாரு இன்ஸ்பெக்டரு. அவரு எதிர்பார்த்தது என்னன்னு எனக்குத் தெரியும். டிரைவர் சரியா ஓட்டலன்னு சொன்னா என் பேரும் தப்பிச்சுது, அவரு பேரும் தப்பிச்சுது.

அறுத்து எடுத்த பேரிங்கை அவரு காலடியில வச்சேன். 

“தப்பு என்னுது சார். கிரீஸ்தான் இதைத் தின்னுருக்கு. சேட்டன் சொன்னதுதான் சரி. எனக்கு அன்னைக்கே தெரியும், தெரிஞ்சுதான் நிப்பிள் வச்சேன்.”

 இன்ஸ்பெக்டரு பேரிங்கைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, பிறகு எந்திரிச்சு வந்து என் தோள்ல தட்டுனாரு. ஒத்துக்கிட்டீரு பாத்தீரா, அதுதான்வே ஆம்பளைக்கு அழகு, சர்வீஸ்ல எத்தனை பேரைப் பாத்திருக்கேன், ஒருத்தன் இப்படி ஒத்துக்கிட்டது இல்லன்னாரு. எனக்குக் காப்பி கொண்டாரச் சொன்னாரு. இனி ரிசார்ட்டுல எல்லா மோட்டார் வேலையும் வருசக் காண்ட்ராக்டா எனக்குத்தான்னாரு. அப்பாடான்னு இருந்துது. சேட்டனைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சேன்.

காப்பி குடிச்சு முடிக்கையில தோட்டக்காரன் வந்து சொல்லுதான், சேட்டனை மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணச் சொல்லியாச்சுன்னு. எனக்கு வந்த ஆத்திரத்துல டம்ளரைத் தரையில வச்சுட்டு நேரா ஆபீஸ் ரூமுக்குப் போனேன். என்ன சார் நியாயம், தப்பு பண்ணது நானு, அவரைப் போகச் சொன்னா எப்படி, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்குன்னு சத்தம் போட்டேன். அவரு கோவப்படல. கதவைச் சாத்திட்டு, சொந்தக்காரன்கிட்ட பேசுத மாதிரி பேசுனாரு.

“தப்பு பண்ணவனை வச்சு வேலை வாங்கிரலாம்வே. அன்னைக்கே சரியாச் சொன்னவன் மூஞ்சியில தினமும் காலையில எப்படி முழிக்கது?”

அந்தக் காண்ட்ராக்டை மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வந்தேன்னு எழுதணும்னுதான் ஆசை. எறியல. வாங்கிக்கிட்டேன். அடுத்த வாரமே அங்கன ஒரு மோட்டார் கழட்டுனேன்.

விசயம் தெரிஞ்ச அன்னைக்கே என் வீட்டுக்காரி ஆட்டோ பிடிச்சுப் போயி, சேட்டன் பெண்டாட்டிகிட்டப் பேசி, பரீட்சை முடிய வரைக்கும் அந்தப் பிள்ளை எங்க வீட்டுல இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டு வந்துட்டா. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அவ கேக்கணும்னு நான் எதிர்பார்க்கவும் இல்ல. சேட்டன் கொண்டாந்து விடுகையில என் கையைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னாரு. அவருக்கு கொச்சி பக்கம் வேலை கிடைச்சிருந்துது. பெட்டியையும் புத்தகத்தையும் உள்ள வச்சுட்டு, பெண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிப் போயிட்டாரு.

பிள்ளை தங்கம். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் படிக்கும். ஏழரைக்கு நானும் அதுவும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். முதல் வாரம் அவ்வளவாப் பேசல. ஒருநாள் தோசையைப் பிட்டுக்கிட்டே தலையைக் குனிஞ்சு சொல்லுச்சு. அப்பாவை அது அச்சன்னுதான் சொல்லும்.

“மாமா, அச்சன் சொன்னாங்க. அங்கே எல்லாரும் சும்மா நின்னப்ப, நீங்க ஒராள் மட்டும்தான் அச்சன் பக்கம் பேசினீங்கன்னு. தேங்க்ஸ் மாமா.”

அவரு அதை மட்டும்தான் சொல்லியிருக்காரு. நிப்பிள் வச்சது யாருன்னு சொல்லல.

நான் சொல்லிரணும்னு வாயைத் தொறந்தேன். அது என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்துது.

“இன்னொரு தோசை வச்சுக்கம்மா” அப்படின்னேன்.

அடுப்படியில தோசையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்த என் வீட்டுக்காரி, கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே திரும்பி என்னையப் பாத்தா.